மண்ணும் மனையும் – 9: கையெழுத்துப் போடாத மகள்

இந்த வாரம் வங்கிக் கடனைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதைத் தள்ளிவைக்கிறேன். செஞ்சிப் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தனியார் பேருந்தில் நடத்துநர். பதினான்கு வருடச் சேமிப்பு, மனைவி கட்டிய சீட்டுப் பணம், கொஞ்சம் நகை. எல்லாவற்றையும் சேர்த்து ஆறரை செண்ட் மனை வாங்கப் போகிறார்.

“ஐயா, நாளன்னிக்கு மூணு லட்சம் அட்வான்ஸ் கொடுக்கிறேன். பட்டா இருக்கு. ஈ.சி. சுத்தமா இருக்கு. வேற ஏதாச்சும் பார்க்கணுமா?”

“அட்வான்ஸை ஒரு வாரம் தள்ளிப் போட முடியுமா தம்பி? கையில இருக்கிற காகிதத்தையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்புங்க.”

அன்று இரவே ஒன்பது பக்கங்கள் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தன. இந்த அத்தியாயம் அந்த ஒன்பது பக்கங்களைப் பற்றியது. அவர் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். ஊர், பெயர், சர்வே எண் எதுவும் இதில் இருக்காது.

முதலில் வில்லங்கச் சான்று, அதாவது ஈ.சி. 2000-ம் ஆண்டிலிருந்து போட்டு எடுத்திருக்கிறார்கள். இரண்டே பதிவுகள். 2003-ல் அண்ணன் தம்பி இருவருக்குள் ஒரு பாகப்பிரிவினை. 2012-ல் அண்ணன் தன் பாகத்திலிருந்து ஆறரை செண்டை இப்போதைய உரிமையாளருக்குக் கிரயம் செய்தது. அடமானம் இல்லை, ஜப்தி இல்லை. நடத்துநர் ‘சுத்தம்’ என்று சொன்னது இதைத்தான். தரகரும் இதைக் காட்டித்தான் அவசரப்படுத்தியிருக்கிறார்.

வில்லங்கச் சான்று என்பது பதிவு அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல். அவ்வளவுதான். பதிவாகாதது எதுவும் அதில் வராது. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் கிடையாது. அதனால் பெட்டிக்குள் கிடக்கும் உயில் அதில் தெரியாது. முன்சீப் கோர்ட்டில் நடக்கும் வழக்கு, கோர்ட் உத்தரவு பதிவு அலுவலகத்துக்குப் போய் ஏறினால் ஒழிய, தெரியாது. அசல் பத்திரத்தை எங்கோ கொடுத்துவிட்டுக் கடன் வாங்கியிருந்தால், அதைப் பதிவு செய்யாதவரை தெரியாது. ஜெராக்ஸை நம்பாமல், அசல் பத்திரத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பாருங்கள் என்று இந்தத் தொடரில் திரும்பத் திரும்ப எழுதுவது அதற்காகத்தான்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. ஒருவர் இறந்துபோனது வில்லங்கச் சான்றில் ஏறாது. அவருக்கு ஒரு மகள் இருப்பதும் ஏறாது.

2003-ம் ஆண்டு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் முதல் பக்கத்தில்தான் என் கண் நின்றது. தகப்பனார் 1971-ல் நாற்பது செண்ட் கிரயம் வாங்கியிருக்கிறார். 1994-ல் காலமாகியிருக்கிறார். உயில் எழுதியதாகத் தகவல் இல்லை. அந்தச் சொத்தை ‘நம் இருவருக்கும் பாத்தியப்பட்டது’ என்று சொல்லி ஆண் மக்கள் இருவரும் ஆளுக்கு இருபது செண்டாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா கையெழுத்து இல்லை. அம்மா அப்போது உயிரோடு இருந்தாரா என்றுகூட அந்தப் பத்திரம் சொல்லவில்லை. அக்கா தங்கை உண்டா என்ற பேச்சே இல்லை.

தகப்பன் தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்துபோன சொத்து, 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும், தகப்பனைப் பெற்ற தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும், சமமாகப் போகும். இது நேற்று வந்த சட்டம் அல்ல. ஆனாலும் ‘பெண்ணுக்குப் பங்கு 2005-ல்தான் வந்தது’ என்றும், ‘1989-க்கு முன்னால் கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு ஒன்றும் கிடையாது’ என்றும் ஊரில் உறுதியாகச் சொல்வார்கள். பத்திரம் எழுதுகிறவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

குழப்பம் எங்கே என்றால், அந்த இரண்டு ஆண்டுகளும் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அந்தத் தேதிக்கு முன் திருமணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டு அந்த வேறுபாடும் போனது. 2020-ல் உச்ச நீதிமன்றம், தகப்பன் 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை என்று தெளிவாக்கியது. இவையெல்லாம் பாட்டன் பூட்டன் வழி வந்த சொத்துக்கு. அப்பா தானே சம்பாதித்து வாங்கிய நிலத்துக்கு 1956-லிருந்தே மகள் வாரிசு. அவளுக்கு எந்த ஆண்டு கல்யாணம் ஆனது, எத்தனை பவுன் போட்டார்கள் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது. (கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்கு வேறு வாரிசுச் சட்டங்கள், ஆனால் அவை எதிலும் மகள் வாரிசே இல்லை என்பது கிடையாது.)

இது எனக்கு ஏட்டுப் படிப்பில் வந்த அறிவு அல்ல. தொண்ணூறுகளில் என் சித்தப்பா கடலூர்ப் பக்கம் பன்னிரண்டு செண்ட் வாங்கினார். மூன்று அண்ணன் தம்பிகள் சேர்ந்து கையெழுத்துப் போட்ட பத்திரம். கடைக்கால் தோண்டிய அன்று காலையில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்து வரப்பில் நின்றார். சத்தம் போடவில்லை. “இது எங்கப்பா நிலம். விக்கிறதை எங்கிட்ட யாரும் சொல்லல” என்றார். மேஸ்திரி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். நான் அப்போது கல்லூரி மாணவன். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் பணத்தைப் பறிக்க வந்தவராகத்தான் அவரைப் பார்த்தேன். பறிகொடுத்தவர் அவர்தான் என்று விளங்கப் பல வருடம் ஆனது. அண்ணன்மார் மூவரும் பணத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். ஒன்றரை வருடம் வேலை நின்றது. கடைசியில் சித்தப்பா அந்தப் பெண்ணின் பங்கை அவரிடமே தனியாகக் கிரயம் வாங்கினார். ஒரே மண்ணுக்கு இரண்டு முறை பணம் கொடுத்தார்.

‘பன்னிரண்டு வருஷம் அனுபவிச்சாச்சு, இனிமே யாரு கேக்க முடியும்?’ என்று தரகர்கள் தைரியம் சொல்வார்கள். கூட்டு உரிமை உள்ள சகோதர சகோதரிகளுக்கு இடையில் அந்தக் கணக்கு அவ்வளவு சுலபமாக ஓடாது. ஒருவர் உழுது பயிரிடுவதை மற்றவருக்காகவும் சேர்த்துச் செய்வதாகவே சட்டம் பொதுவாகப் பார்க்கும். பங்கு கிடையாது என்று வெளிப்படையாக மறுத்து வெளியேற்றியதை நிரூபித்தால்தான் அந்தக் காலக்கெடு பேச முடியும்.

அதனால் நடத்துநருக்கு நான் சொன்ன முதல் வேலை, தகப்பனாரின் இறப்புச் சான்றும் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றும் கேளுங்கள் என்பது. இரண்டாவது, அந்த ஊருக்குப் போய் டீக்கடையில் உட்காருங்கள். ‘இந்த நிலத்தில் வில்லங்கம் உண்டா?’ என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ‘அந்த வீட்டில் பொண்ணுங்க எத்தனை பேர், எந்த ஊர்ல கட்டிக் கொடுத்தாங்க?’ என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் முழு வம்சமும் தெரிந்துவிடும்.

வாரிசுகளில் ஒருவர் அந்தச் சமயத்தில் மைனராக இருந்தாரா என்பதையும் கேட்க வேண்டும். மைனரின் சொத்தை, தகப்பனே ஆனாலும், கோர்ட் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. விற்றால் அந்தப் பிள்ளை பதினெட்டு முடிந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டு ரத்து செய்ய முடியும். விற்பவர் பவர் பத்திரத்தோடு வந்தால், பவர் கொடுத்தவரை நேரில் பாருங்கள். பொதுவாக, அவர் இறந்த கணமே அந்தப் பவரும் இறந்துவிடும். பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு ‘இதுவே கிரயம் மாதிரிதான்’ என்று விற்பது செல்லாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்தது பட்டா. பட்டா வருவாய்த் துறையின் ஆவணம். யாரிடம் தீர்வை வசூலிப்பது என்பதற்கான கணக்கு. உரிமையின் வேர் பத்திரத்தில் இருக்கிறது. ஆனால் பட்டா இல்லாத பத்திரம் தினமும் தலைவலி. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். இவருடைய காகிதத்தில் ஒத்துப்போகவில்லை.

பத்திரத்தில் ஆறரை செண்ட். அதாவது 2,831 சதுர அடி. பட்டாவில் பரப்பு 0 ஹெக்டேர் 2.50 ஏர். நம் மக்கள் இந்த ஏர்க் கணக்கைப் பார்க்காமலே மடித்து வைத்துவிடுகிறார்கள். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். 2.50 ஏர் என்றால் 250 சதுர மீட்டர். சதுர அடியில் 2,691. செண்டுக்கு 435.6 சதுர அடி வீதம் வகுத்தால் 6.18 செண்ட்தான். குறைவது 140 சதுர அடி. செண்ட் 4 லட்சம் என்று பேசியிருக்கிறார்கள். ஒன்றே கால் லட்சத்துக்கு மேல், இல்லாத மண்ணுக்குக் கொடுக்க இருந்தார்.

இது விற்பவரின் சூழ்ச்சி என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். 1980-களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பழைய கணக்குகளைத் திருத்தி எழுதியபோது பெயரும் பரப்பும் மாறிப்போன இடங்கள் ஏராளம். உட்பிரிவு செய்யும்போதும் பிசகும். சர்வேயரை வைத்து அளந்து, கல் நட்டு, அளவில் உள்ளதற்கு மட்டும் பணம் பேசுங்கள் என்றேன். அளக்கும்போது பக்கத்து நிலத்துக்காரர்களையும் கூப்பிட வேண்டும். அவர்கள் பார்க்க நட்ட கல்தான் நிற்கும்.

சர்வே எண்ணின் வரைபடமான புலப்பட நகலையும், நிலத்தின் வகையைக் காட்டும் ‘அ’ பதிவேட்டையும் எடுக்கச் சொன்னேன். இரண்டையும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். புலப்படம் வந்த பிறகுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. பத்திரத்தின் நான்கு எல்லைகளில், ‘கிழக்கே 12 அடி பொதுப்பாதை’ என்று இருக்கிறது. புலப்படத்தில் அங்கே பாதை எதுவும் இல்லை. இருப்பது ஒரு வாய்க்கால் கோடு. பாதை என்று காட்டப்படுவது தம்பியின் பாகத்தில் பட்டாவாக இருக்கும் இடம். பத்திரத்தில் ‘பொதுப்பாதை’ என்று எழுதிவிட்டதால் அது பொதுப்பாதை ஆகிவிடாது. நாளைக்கு அந்தத் தம்பியோ அவர் பிள்ளைகளோ வேலி போட்டால், ஆறரை செண்டுக்கு ஹெலிகாப்டரில் போக முடியாது. பாதை யார் பட்டாவில் இருக்கிறதோ அவர், ஊராட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். அல்லது இவருக்குப் பாதை உரிமையைப் பத்திரமாகப் பதிந்து கொடுக்க வேண்டும்.

வாய்க்கால் என்றதும் ‘அ’ பதிவேட்டைப் பார்த்தேன். நஞ்சை. மேற்கே கொஞ்ச தூரத்தில் ஏரி. “எப்ப போய் இடத்தைப் பார்த்தீங்க?” என்று கேட்டேன். “சித்திரையில ஐயா. நல்லா கட்டாந்தரையா இருந்துச்சு.”

சித்திரையில் எந்த இடமும் கட்டாந்தரைதான். மனை பார்க்க ஐப்பசி, கார்த்திகையில் போக வேண்டும், அதுவும் மழை விட்ட மறுநாள். தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதே இல்லை. 2015 டிசம்பரில் சென்னை அதைப் பார்த்தது. தாங்கல், ஓடை, கலிங்கு, உள்வாய் என்று ஓர் இடத்தை ஊர்ப் பெரியவர்கள் குறிப்பிட்டால் அதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே நகர் வந்து, விளம்பரப் பலகையில் ‘கார்டன்’ என்றும் ‘அவென்யூ’ என்றும் பெயர் மாறியிருக்கலாம். ஆடு மேய்க்கிறவருக்கு உண்மைப் பெயர் தெரியும். மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது; அதனால் ஏரியில் கட்டிய வீடெல்லாம் விழுந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் அடித்தளத்துக்கும் மேடேற்றவும் ஆகும் செலவை மனையின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடாமல் வாங்காதீர்கள். புறம்போக்கு வாய்க்கால் மீது ஓர் அடி ஏறினாலும் அது உங்களுடையது ஆகாது.

மனைப்பிரிவு அங்கீகாரம் பற்றி அவருக்குத் தெரிந்தது ‘பத்திரம் பதிவாகும்னு சொல்றாங்க’ என்பது மட்டும்தான். உண்மைதான், பதிவாகும். அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு வந்த திருத்தத்தில், 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவானவற்றை மறுபடி பதியலாம் என்று வழி விட்டார்கள். இது 2012-ல் பதிவானது, ஆகவே பதிவாகும். ஆனால் வீடு கட்ட வரைபட அனுமதி கேட்கப் போகும்போது வரன்முறை ஆணையை, அதாவது அங்கீகாரமில்லாத மனையை முறைப்படுத்திய உத்தரவைக் கேட்பார்கள். வங்கியும் கேட்கும். அது இல்லாத மனை, வேலி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே உதவும். வரன்முறையை விற்பவர் செய்து கொடுத்த பிறகு கிரயம் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன். அந்த ஒப்பந்தமும் பதிவு செய்யப்பட வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்ட ஒப்பந்தத்தை நம்பி மூன்று லட்சம் கொடுக்கக் கூடாது.

‘அ’ பதிவேட்டில் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து பட்டியலினத்து மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்கள் அவை. அவர்களைத் தவிர மற்றவர்களுக்கு விற்க முடியாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டவை. ‘டி.சி. நிலம்’ என்று பழைய கணக்கில் குறிப்பு இருக்கும். விலை மலிவாக வருகிறதே என்று அதில் கை வைக்காதீர்கள். எத்தனை கை மாறியிருந்தாலும் அந்தக் கிரயம் நிற்காது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த நிலம் யாரிடமிருந்து எப்படிப் போனது என்று தெரிந்த எவருக்கும் அதன் மேல் வீடு கட்டித் தூக்கம் வராது. கோயில் நிலம், வக்ஃபு நிலம், பூமிதான நிலம் இவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 26 லட்சத்துக்கு வாங்கினால் முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம், 2,34,000 ரூபாய். இதை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. ‘வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டுக்கலாம், மீதியை ரொக்கமா குடுத்துடுங்க’ என்று தரகர் சொல்லியிருக்கிறார். வேண்டாம். நிலத்துக்கான பணத்தை இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டத்துக்கு விரோதம். அதோடு, ஏதாவது வழக்கு வந்து பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது பத்திரத்தில் எழுதிய தொகை மட்டுமே கொடுத்ததாகும். நாளைக்கு விற்கும்போது லாபம் அதிகமாகத் தெரிந்து வரியும் கூடும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிறவரே 1 சதவீத வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இவருக்கு அது வராது.

ஒரு வழக்கறிஞரிடம் காகிதங்களைக் காட்டிச் சட்டக் கருத்து எழுதி வாங்கச் சொன்னேன். அந்த வழக்கறிஞரை நீங்களே தேட வேண்டும். தரகர் கூட்டிக்கொண்டு போகும் வழக்கறிஞர் தரகருடைய ஆள்.

நேற்று காலை நடத்துநர் மறுபடி அழைத்தார். டீக்கடைக்குப் போயிருக்கிறார். அந்த வீட்டில் ஒரே ஒரு பெண். 1988-ல் திருவண்ணாமலைப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா 2009-ல் இறந்துவிட்டார். அதாவது 2003-ல் பாகம் பிரித்தபோது அம்மா அதே வீட்டில்தான் இருந்திருக்கிறார். கணக்குப் போட்டால், அப்பாவின் சொத்தில் நாலில் ஒரு பங்கு அந்தப் பெண்ணுக்கு நேராகவே சேர்ந்தது. அம்மாவின் நாலில் ஒன்றிலிருந்தும் மூன்றில் ஒரு பாகம் வருகிறது. மொத்தத்தில் நாற்பது செண்டில் மூன்றில் ஒரு பங்கு.

“விக்கிறவரு நல்ல மனுசன்தான் ஐயா. அவருக்கே தெரியாது. அவரும் 2012-ல ஏமாந்துதான் வாங்கியிருக்காரு. ஞாயித்துக்கிழமை அவரும் நானும் அந்தம்மாவைப் பார்க்கப் போறோம். பத்திரம் எழுதுறவர் ஸ்டாம்பு பேப்பர் வாங்கிட்டுப் போங்க, கையோட கையெழுத்து வாங்கிடலாம்ங்கிறார்.”

“பேப்பரை எடுத்துட்டுப் போகாதீங்க தம்பி” என்றேன். “முதல்ல, இப்படி ஒரு பாகப்பிரிவினை நடந்தது அவங்களுக்குத் தெரியுமான்னு கேளுங்க. தெரியாதுன்னு சொன்னா, நீங்க கொண்டுபோன ஜெராக்ஸை அவங்க கையில குடுத்துட்டு வாங்க. அவங்க அதை யாரையாவது வெச்சுப் படிச்சுப் பார்க்கட்டும். விலையை அடுத்த தடவை போறப்ப பேசிக்கலாம்.”

(தொடரும்)